நொடிக்கு நானூறு

அந்தப் பொது மருத்துவமனையில் ‘கிராஃப் அக்கா’ எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளிகூட மாடிப்படியைக் காட்டிவிடுவார். அவளுடைய நிஜப் பெயரைக் கேட்டால்தான் எல்லோரும் முழிப்பார்கள். இரண்டாம் மாடியில், சலவைத் துணி அடுக்கும் அறையைத் தாண்டினால் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை. இரண்டு ஏசி, அதில் ஒன்று எந்த மாதம் பார்த்தாலும் ரிப்பேர். ஆள் உயர இரும்பு அலமாரிக்குள் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு சர்வர். அதற்கு எதிரே ஒரு மேசை, இரண்டு திரைகள், குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு அக்கா.

மருத்துவமனையின் ஞாபகம் முழுக்க அந்த அலமாரிக்குள்தான் இருந்தது. யாருக்கு எத்தனையாவது டோக்கன், யார் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, எந்த வார்டில் எந்தக் கட்டில் காலி, யாருக்கு எந்த மாத்திரை எத்தனை வேளை, எல்லாமே ஒரே டேட்டாபேஸ். கீழே ஏதோ ஒரு கவுண்டரில் ஒருவர் பட்டனைத் தட்டினால் கேள்வி மாடியேறி வரும். பதில் இறங்கிப் போகும். நொடிக்கு எத்தனை கேள்வி வருகிறது, எத்தனைக்குப் பதில் போகிறது, எத்தனை வரிசையில் நிற்கிறது, அதற்கு இயந்திரம் எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று கவனிப்பதுதான் அக்காவின் வேலை. திரையில் அவையெல்லாம் கோடுகளாக ஓடும். முடித்த வேலைக்குப் பச்சைக் கோடு. சர்வரின் மூளை நூற்றுக்கு எத்தனை பங்கு பாடுபடுகிறது என்பதற்குச் சிவப்பு. காத்து நிற்பவற்றுக்கு மஞ்சள். காலையில் சால்வையை எடுத்துப் போர்த்தும்போதே பச்சை எங்கே இருக்கிறது என்று அவள் கண் போய்விடும்.

இந்த வேலைக்கு அவள் படித்துவிட்டு வரவில்லை. படித்தது விலங்கியல். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால் இன்றைக்கும் பட்டென்று சொல்வாள். படிப்பு முடிந்ததும் கிடைத்தது சாலைத் துறையில் ஒரு தற்காலிக வேலை. நாற்சந்தியின் ஓரத்தில் ஒரு ஸ்டூல், ஒரு குடை, கையில் அழுத்தி எண்ணும் சின்னக் கருவி. காலை ஏழிலிருந்து மதியம் ஒன்று வரை எத்தனை பஸ், எத்தனை லாரி, எத்தனை இருசக்கரம் கடக்கிறது என்று ஆறு மாதம் எண்ணினாள். அப்புறம் இந்த மருத்துவமனையின் பதிவு அறையில் டைப் அடிக்கும் வேலை. ஒன்பது வருடம் முன்பு கம்ப்யூட்டர் வந்தபோது, அதற்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர் இரண்டே வருடத்தில் வேறு நல்ல வேலை கிடைத்துக் கிளம்பினார். போகிற போக்கில் அக்காவின் கையில் ஒரு நோட்டைத் திணித்து, “பாத்துக்கோங்க அக்கா, ஒண்ணும் ஆகாது” என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமையே சர்வர் படுத்துக்கொண்டது. அன்றைக்கு அவள் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. அதற்கப்புறம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மடியில் ஒரு தடிப் புத்தகம். இரண்டு வருடத்தில் அந்த இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே அதன் மனநிலையைச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். கோடுகளை அச்சடித்து நடைபாதைப் பலகையில் வாராவாரம் ஒட்டுவாள். யாரும் படிப்பதில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அவளுடைய வேலைக்குப் பெரிய மதிப்பு என்று சொல்ல முடியாது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் பத்து மாடிக்காரர்கள் படியேறிக் கால் வீங்குவார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற வேலை. மாமியார் பக்கத்து வீட்டு வாசலில் நின்று சொல்வதை அக்கா பலமுறை கேட்டிருக்கிறாள்.

“எங்க மருமகளுக்கு ஆஸ்பத்திரியில டிவி பாக்குற வேலை. கோடு ஏறுமாம், கோடு இறங்குமாம். அதுக்கு சம்பளம் வேற குடுக்குறாங்கன்னா பாத்துக்கோயேன்.”

சொல்வதில் விஷம் ஒன்றும் கிடையாது. அக்காவும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

சிரிக்க முடியாமல் போனது அந்த வருடத்தின் நடுவில். எட்டு மாதமாகவே காலை நேரத்தில் கம்ப்யூட்டர் மெல்ல மெல்ல மந்தமாகிக்கொண்டு வந்தது. ஒரே நாளில் படுத்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். இது நாளுக்கு ஒரு நூல் இழுப்பது போல் இழுத்தது. வாரத்தில் ஒரு முறை, அப்புறம் இரண்டு முறை, அப்புறம் தினமும் ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை எந்தக் கவுண்டரிலும் திரை நகராது. மருந்து வாங்கும் வரிசை மருந்தகத்தைத் தாண்டி, எக்ஸ்ரே அறையைச் சுற்றி, வண்டி நிறுத்துமிடம் வரை போனது.

ஒரு புதன்கிழமை அந்த வரிசையில் மாமியாரும் நின்றார். ரத்த அழுத்த மாத்திரைக்காக மாதம் ஒரு தடவை வருவது வழக்கம். “மருமகளைக் கூப்பிட்டா முன்னாடி விட மாட்டாங்களா?” என்று யாராவது கேட்டால் கிழவிக்குக் கோபம் வந்துவிடும். எல்லோருடனும்தான் நிற்பார். அன்றைக்கு இரண்டேகால் மணி நேரம் நின்றார். அவருக்கு முன்னால் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் பொறுக்க முடியாமல் கவுண்டரில் கத்தினார். உள்ளே இருந்த மருந்தாளரும் பாவம், மவுஸைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்துபோன எரிச்சலில் இருந்தார்.

“என்னைக் கேக்காதீங்க சார். மேல உக்காந்திருக்காங்களே கம்ப்யூட்டர்காரங்க, அவங்களைப் போய்க் கேளுங்க!”

“அந்த ஆளுங்களுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடா?” என்றார் குழந்தைக்காரர். வரிசையே ஆமாம் போட்டது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமான கேலி இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுக் கடைசியில் தலையைத் தூக்காமலே சொன்னார்:

“அது என் மருமகதான்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துச்சும்மா. சொல்ல வெக்கமா இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு நின்னேன்.”

அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

சர்வரை விற்ற கம்பெனியிலிருந்து மறுநாள் ஒரு இன்ஜினியர் வந்தார். கழுத்துப்பட்டை, தோளில் பை, வாயில் எப்போதும் ஒரு மிட்டாய். நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“சிம்பிள் மேடம். சிவப்புக் கோடு தொண்ணூத்தெட்டுல நிக்குது. மெஷினால முடியல. இதைவிட ரெண்டு மடங்கு பெருசா ஒண்ணு வாங்கிடுங்க. நான் எழுதிக் குடுத்துடுறேன்.”

“தம்பி, மெஷின் வேர்க்குதுங்கறது சரி. ஆனா அது முடிக்கிற வேலை கம்மியாயிருக்கே, அதைப் பாத்தீங்களா?” அக்கா பச்சைக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். “போன வருஷம் இதே மாசம், இதே பத்து மணிக்கு, நொடிக்கு முந்நூத்தி அறுபது வேலை முடிச்சுது. அப்ப சிவப்பு அம்பதுதான். இன்னிக்கு நூத்தித் தொண்ணூறு. டோக்கன் எண்ணிக்கையையும் வெச்சிருக்கேன், ஆள் கூடவே இல்ல. அதே ஆளு, அதே மெஷின், வேலை பாதி, வேர்வை ரெண்டு பங்கு. இது எப்படி?”

“பழசாயிடுச்சு மேடம்.”

“மெஷினுக்கு மூட்டு வலியா தம்பி?”

இன்ஜினியர் சிரித்தார், ஆனால் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்தக் கடிதம் நேராகப் பெரிய டாக்டரின் மேசைக்குப் போயிற்று. மருத்துவமனையின் தலைவரான அவரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் கூட்டம், அதில் முடிவு என்று செய்தி வந்தது.

அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. நாற்சந்தியில் அவள் உட்கார்ந்திருந்த ஆறு மாதத்தில் ஒன்று புத்தியில் பதிந்திருந்தது. ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிற நேரத்தில்தான் கையிலிருக்கும் கருவியில் எண் ஏறவே ஏறாது. அமைதியாக ஓடுகிற நேரத்தில் விரல் வலிக்கும் அளவுக்கு வண்டிகள் கடக்கும். சத்தம் பெரிதாக இருந்தால் போக்குவரத்து பெரிது என்று அர்த்தமில்லை. எங்கேயோ எதுவோ குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். சாலையை அகலப்படுத்தினால் குறுக்கே நிற்பது இன்னும் சௌகரியமாக நிற்கும், அவ்வளவுதான்.

ஆனால் குறுக்கே நிற்பது எது? அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் கேள்விகளைச் சர்வரே ஒரு பட்டியலாக எழுதி வைக்கும். ஐந்து நொடிக்கு மேல் இழுப்பவை மட்டும் அதில் வரும். அதை எட்டு மாதமாகத் துருவித் துருவிப் பார்த்தாயிற்று. எல்லாம் மாதாந்தரக் கணக்கு அறிக்கைகள். மதியத்துக்கு மேல் ஓடுபவை. காலை நெரிசலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் இதே யோசனை. திங்கட்கிழமை காலை வந்து உட்கார்ந்து, விடுமுறை நாளின் கோட்டைச் சும்மா ஒரு பார்வை பார்த்தாள். சால்வையை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை வெளிநோயாளிப் பிரிவு கிடையாது, அவசரச் சிகிச்சை மட்டும்தான். பச்சைக் கோடு தரையோடு தரையாக, நொடிக்குப் பன்னிரண்டு. சரிதான். ஆனால் சிவப்புக் கோடு அறுபத்தைந்தில் நின்றுகொண்டிருந்தது.

வேலையே இல்லாத நாளில் இது யாருக்காக இப்படி வேர்த்துக் கொட்டுகிறது?

இத்தனை மாதமும் அவள் நெரிசல் நேரத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையை யார் பார்ப்பார்கள்! அக்கா தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

அன்று எட்டு மணிக்குள்ளேயே ஒரு காரியம் செய்தாள். நிமிடத்துக்கு ஒரு முறை சர்வருக்குள் எட்டிப் பார்த்து, அந்த நொடியில் என்னென்ன கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தவை என்று அப்படியே குறித்துக்கொள்ளும்படி ஒரு சின்ன நிரல் எழுதினாள். பத்தே வரி. எது நீளம் எது குட்டை என்ற ஆராய்ச்சி வேண்டாம். எட்டிப் பார்க்கும்போது யார் உள்ளே நிற்கிறார்கள் என்பது மட்டும் போதும். ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணிய அதே வேலைதான்.

தினமும் காலை எட்டு முதல் ஒன்று வரை முந்நூறு தடவை. சனிக்கிழமை முடியும்போது ஆயிரத்து எண்ணூறு குறிப்புகள் சேர்ந்தன. எண்ணிப் பார்த்தாள். எட்டிப் பார்த்த ஆயிரத்து எண்ணூறு தடவையும், ஒரு தடவைகூடத் தவறாமல், ஒரே கேள்வி உள்ளே நின்றது. அதுவும் தனியாக இல்லை. நாலு, ஐந்து, சில சமயம் ஏழு பேராக. அந்தக் கேள்வி ஒவ்வொன்றும் மூன்று, நான்கு நொடியில் முடிந்துவிடும். ஐந்து நொடிப் பட்டியலில் அது எந்தக் காலத்திலும் வந்ததே இல்லை. ஆனால் ஒன்று வெளியே போவதற்குள் இன்னொன்று உள்ளே வந்து நிற்கும்.

இரண்டாவது இடத்தில் மருந்தகத்தின் கேள்வி. அதில் ஒரு வேடிக்கை: ஒரே நோயாளிக்கு ஒரே கேள்வி ஆறு தடவை, எட்டு தடவை. இதை முந்தின நாளே கவனித்து, இது என்ன கூத்து என்று புரியாமல் வீட்டில் புலம்பியிருந்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

“லிஃப்ட் லேட்டானா ஜனங்க பட்டனை இருபது தடவை அமுக்குவாங்க. அமுக்க அமுக்க சீக்கிரம் வரும்னு நெனப்பு. லிஃப்டுக்கு ஒண்ணுதான் கணக்கு, மத்த பத்தொம்பதையும் அது காதுலயே போட்டுக்காது. உங்க மெஷின் எப்படி?”

“எங்க மெஷின் இருபதையும் காதுல போட்டுக்கும்ங்க.”

“அப்ப சரிதான். மொதல்ல லேட்டாக்குறது யாருன்னு பாரு. இது தானா நின்னுடும்.”

லேட்டாக்குவது யார் என்றுதான் தெரியவில்லை. அந்த முதல் கேள்வி பதினெட்டு கம்ப்யூட்டர்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. பதினெட்டின் நெட்வொர்க் முகவரி எண்ணும் அவளிடம் இருந்தது. ஆனால் கவுண்டர், வார்டு, ஆய்வகம் என்று அவள் வைத்திருந்த எந்தப் பட்டியலிலும் அவை இல்லை. கேள்வி என்ன கேட்கிறது என்று நிதானமாகப் படித்தாள். ஒன்பது வருடத்தில் அந்த மருத்துவமனைக்கு வந்தவர்களின் பதிவு மொத்தம் எண்பத்தோரு லட்சம் வரி. அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை புரட்டி, ஒவ்வொன்றிலும் தேதியைப் பார்த்து, இன்றைய தேதி எத்தனை என்று எண்ணிச் சொல்லு என்று கேட்டது. இன்று எத்தனை பேர்? அவ்வளவுதான் விஷயம். அதற்கு எண்பத்தோரு லட்சம் வரி. பத்து நொடிக்கு ஒரு தடவை. பதினெட்டு இடத்திலிருந்து.

இன்று எத்தனை பேர்…

அக்கா எழுந்து மாடிப்படியில் இறங்கினாள். கீழே முன் கூடத்தில் சனிக்கிழமைக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தரை துடைப்பவர் வாளியை இழுத்துக்கொண்டு போனார். கூடத்தின் நடுச்சுவரில், ஆளுயரத்துக்கு மேலே, அந்தப் பெரிய டிவி. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து: ‘இன்று நாம் கவனித்தவர்கள்: 1,147’. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 1,148 ஆனது. பின்னால் எட்டிப் பார்த்தாள். தீப்பெட்டி மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி, அதில் ஒட்டியிருந்த சீட்டில் பதினெட்டில் ஒரு முகவரி.

அப்புறம் ஒவ்வொரு தளமாக நடந்தாள். கண் பிரிவில் ஒன்று, எலும்புப் பிரிவில் ஒன்று, குழந்தைகள் பிரிவில் இரண்டு, டாக்டர்கள் டீ குடிக்கும் அறையில் ஒன்று. பதினெட்டையும் எண்ணி முடித்தபோது அவளுக்குச் சந்தோஷத்தோடு பயமும் வந்தது. காரணம், அந்த டிவி பெரிய டாக்டரின் செல்லப் பிள்ளை. போன வருடம் அவரே ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தது. நாம் எவ்வளவு வேலை செய்கிறோம் என்று ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று ஆசைப்பட்டு வைத்தார். டிவி விற்றவர்களே வந்து சர்வரோடு இணைத்துவிட்டுப் போனார்கள், அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. முதலில் ஒன்றுதான். அதைப் பார்த்து ஒவ்வொரு பிரிவும் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, மாதத்துக்கு ஒன்றிரண்டாகப் பதினெட்டு. நூல் இழுப்பது போல் மந்தமானது ஏன் என்பதும் விளங்கிவிட்டது.

மருந்தாளரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவர் வாயைப் பிளந்தார்.

“அக்கா, பாஸ்வேர்டு உங்க கையில இருக்கு. சத்தம் போடாம மாத்தி விட்டுடுங்க. பெரியவர்கிட்ட போயி உங்க டிவிதான் சார் காரணம்னு யாராவது சொல்லுவாங்களா?”

“சத்தம் போடாம சரி பண்ணினா, ஏன் கெட்டுச்சுன்னு யாருக்கும் தெரியாது அண்ணே. நாளைக்கு இன்னொருத்தர் இதே மாதிரி இன்னொண்ணைக் கொண்டாந்து மாட்டுவாங்க. அதுவும் இல்லாம, எட்டு மாசமா நம்ம ரெண்டு பேரையும் ஜனங்க திட்டியிருக்காங்க. அதுக்கு ஒரு பதில் வேண்டாமா?”

திங்கட்கிழமை ஒன்பதரைக்குக் கூட்டம். நீள மேசையின் தலைமாட்டில் பெரிய டாக்டர். ஒரு பக்கம் பிரிவுத் தலைவர்கள், மறுபக்கம் கம்பெனி இன்ஜினியர், புது சர்வரின் படம் போட்ட காகிதக் கட்டோடு. அக்கா கடைசி நாற்காலி. இன்ஜினியர் பேசி முடித்ததும் பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“சார், ஒரு நிமிஷம்.” அக்காவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “மெஷின் போதும் சார். மெஷினை ஒண்ணு பிடிச்சு வெச்சிருக்கு.”

“எது?”

“முன் ஹால்ல இருக்கிற டிவி சார். அது மாதிரி பதினெட்டு.”

எலும்புப் பிரிவுத் தலைவர் மேசையில் இல்லாத எதையோ தேடினார். பெரிய டாக்டரின் முகம் சிவந்தது.

“ஒரு நம்பரைக் காட்டுற டிவி. அது இவ்வளவு பெரிய கம்ப்யூட்டரை நிறுத்துதுன்னு சொல்றீங்களா? நீங்க என்னம்மா பேசுறீங்க?”

“நான் சொல்றதை நம்ப வேண்டாம் சார். பத்து நிமிஷம் குடுங்க. இப்ப மணி பத்தாகப் போகுது, நெரிசல் உச்சம். பதினெட்டையும் பத்து நிமிஷம் அணைச்சு வெப்போம். நீங்களே மருந்தகத்துல நின்னு பாருங்க. ஒண்ணும் ஆகலைன்னா நானே அந்தக் காகிதத்துல சாட்சிக் கையெழுத்து போடுறேன்.”

அவர் நல்ல வேளையாக டாக்டர். சோதித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் மறுக்க அவரால் முடியாது. பேனாவை மூடினார். “வாங்க, பாத்துடுவோம்.”

காவலாளியும் எலெக்ட்ரீஷியனும் தளம் தளமாக ஓடினார்கள். பெரிய டாக்டர் மருந்தகத்துக்குள் போய் மருந்தாளரின் தோளுக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மருந்தாளருக்கு வேர்த்து ஊற்றியது. கவுண்டருக்கு வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அக்கா மடிக்கணினியை மருந்துப் பெட்டிகளின் மேல் வைத்துத் திறந்தாள். இன்ஜினியரும் எட்டிப் பார்த்தார். பச்சை நூற்று எண்பத்தெட்டு. சிவப்பு தொண்ணூற்றெட்டு.

பத்து மணி இரண்டு நிமிடம். பதினெட்டாவது டிவி அணைந்ததாக எலெக்ட்ரீஷியன் போனில் சொன்னார்.

முதல் அரை நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் சிவப்புக் கோடு, கயிறு அறுந்த வாளி மாதிரி விழுந்தது. எண்பது. அறுபது. நாற்பத்தைந்து. மஞ்சள் இருந்த இடம் தெரியவில்லை. பச்சை ஏறியது. இருநூற்று நாற்பது, முந்நூற்றுப் பத்து, முந்நூற்று எழுபது. மருந்தாளர் மவுஸை ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டுக்கு விரலைத் தூக்குவதற்குள் சீட்டு திரையில் வந்து நின்றது.

“அடேங்கப்பா!” என்றார் அவர், பக்கத்தில் நிற்பவர் யார் என்பதையே மறந்து.

அடுத்தவர், அடுத்தவர், அடுத்தவர். மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களுக்குக் கை ஓயவில்லை. “மெதுவா சார், மெதுவா!” என்று முதல் தடவையாக உள்ளேயிருந்து குரல் வந்தது. கூடத்தில் நின்ற வரிசை நகர ஆரம்பித்தது. நகர்ந்து பழக்கமில்லாததால் ஜனங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பத்து நிமிடம் முடிந்தபோது பச்சைக் கோடு நானூற்று ஆறில் நின்றது. அந்த இயந்திரம் வந்த நாளிலிருந்து அவ்வளவு உயரத்தை அது தொட்டதே இல்லை.

பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தாழ்ந்த குரலில் பேசினார்.

“என் பெருமையைக் காட்டப் போயி இவங்க எல்லாரையும் நிக்க வெச்சிருக்கேன். இல்லையாம்மா?”

“டிவி மேல தப்பில்ல சார்,” என்றாள் அக்கா. “அது கேக்குற விதம்தான் தப்பு. அதை மாத்திட்டா டிவி இருக்கட்டும். ஜனங்க அதைப் பாக்குறாங்க சார், நானே பாத்திருக்கேன்.”

அவர் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். கண்டுபிடிப்பை விட இந்த வார்த்தைதான் அவரைத் தொட்டது என்று மருந்தாளர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

அன்று மதியம் வெளிநோயாளிப் பிரிவு மூடிய பிறகு அக்கா அதைச் சரி செய்தாள். நிமிடத்துக்கு ஒரு தடவை, இன்றைய தேதிக்கான பதிவுகளை மட்டும் சர்வர் ஒரே முறை எண்ணி ஒரு மூலையில் எழுதி வைக்கும். பதினெட்டு டிவியும் அந்த ஒற்றை எண்ணை வந்து படித்துக்கொண்டு போகும். தேதியை நேராகத் தேடுவதற்கு ஒரு பொருளடக்கமும் போட்டுக் கொடுத்தாள். இத்தனையும் நாற்பது நிமிட வேலை. மறுநாள் காலை பதினெட்டும் எரிந்தன; பச்சைக் கோடு அசரவில்லை. புது சர்வர் படம் போட்ட காகிதக் கட்டை இன்ஜினியரே திருப்பி எடுத்துக்கொண்டு போனார். போகிறபோது அந்தப் பத்து வரி நிரலை ஒரு பிரதி கேட்டார்.

“எல்லா இடத்துலயும் ஓட்டிப் பாக்கணும் மேடம். நான் சிவப்பை மட்டும்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.” சொல்லும்போது அவர் வாயில் மிட்டாய் இல்லை.

அடுத்த மாதம் மாமியார் மாத்திரை வாங்கப் போனார். பன்னிரண்டு நிமிடத்தில் கவுண்டருக்கு வந்துவிட்டார். வாங்கிக்கொண்டு நகர்வதை விட்டுவிட்டு, பின்னால் நிற்பவர்களைப் பார்த்துத் திரும்பி நின்று, போன மாதம் இதே இடத்தில் இரண்டேகால் மணி நேரம் நின்றதிலிருந்து ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமைக் கோடு, எண்பத்தோரு லட்சம் வரி, பதினெட்டு டிவி, பெரிய டாக்டரின் கடிகாரம் வரை ஒன்று விடாமல் சொன்னாராம். “அம்மா, மத்தவங்களுக்கு வழி விடுங்க” என்று மருந்தாளர் இரண்டு தடவை கெஞ்ச வேண்டியிருந்தது. “இருய்யா, முக்கியமான இடம் இனிமேதான்” என்று பதில் வந்ததாம். அன்றைக்கு வரிசை நின்றது அந்த ஒரே காரணத்தால்தான் என்று மருந்தாளர் அக்காவிடம் புகார் செய்தார். அக்கா அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்தத் தண்ணீர் சிரிப்பில் வந்தது மட்டும்தானா என்று அவளுக்கே தெரியாது.

பெரிய டாக்டர் விஷயத்தை அதோடு விடவில்லை. மேலிடத்துக்கு அவரே ஒரு கடிதம் எழுதினார். அந்தப் பகுதியிலுள்ள மற்ற பத்து அரசு மருத்துவமனைகளிலும் இதே மென்பொருள்தான் ஓடுகிறது, எல்லா இடத்திலும் இதே முணுமுணுப்புதான், எங்களிடம் இருப்பது போல் ஒரு ஆள் அங்கெல்லாம் இல்லை என்று எழுதினார். ‘எங்கள் டிவிதான் காரணம் என்பதை என் முகத்துக்கு நேராகச் சொன்னவர்’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். அந்த வரியை அக்கா இரண்டு தடவை படித்தாள்.

இப்போது பதினொரு சர்வர்களின் கோடுகளும் தினமும் காலை எட்டு மணிக்கு அவளுடைய திரைக்கு வந்துவிடுகின்றன. அறை அதேதான், திரை மட்டும் நான்காகிவிட்டது, ஏசி இரண்டும் ஒருவழியாக ஓடுகின்றன. பத்து மருத்துவமனைகளுக்கும் ஒரு சுற்று நேரில் போய்விட்டு வந்தாள். ஒவ்வொரு இடத்திலும் எந்தக் கிழமை கூட்டம், எந்த நேரம் ஓய்வு, எந்த அறிக்கை எப்போது ஓடும் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே சாதாரணமில்லாத நாளைக் கண்டுபிடிக்க முடியும்?

போன வியாழக்கிழமை காலை அப்படித்தான் ஏழாவது மருத்துவமனையின் சிவப்புக் கோட்டில், முந்தின நாள் மதியத்திலிருந்து ஒரு சின்ன மேடு அவள் கண்ணில் பட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு இளம்பெண்ணின் குரல், அங்கே புதிதாக இந்த வேலைக்கு வந்தவள்.

“ஏம்மா, நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு அங்க புதுசா ஏதாவது மாட்டினீங்களா?”



“ஆமா மேடம்… லேப்ல ஒரு புது மெஷினைக் கனெக்ட் பண்ணாங்க. இங்க யாருமே ஒண்ணும் சொல்லலையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உங்க சர்வர் சொல்லுச்சு,” என்றாள் கிராஃப் அக்கா. “நோட்டை எடுத்துக்கோ. அந்த மெஷின் எத்தனை நொடிக்கு ஒரு தடவை என்ன கேக்குதுன்னு ரெண்டு பேரும் சேந்து பாப்போம்.”